போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 23 வயது. ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். கோவையில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி இந்த வருடம் முடிகிறது. அப்பா கரும்பு வைத்திருக்கிறார், சொந்த ஆலையில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறோம். அவருக்கு 47 வயதில் சர்க்கரை நோய் வந்தது. எங்க அப்பாருக்கும், அதாவது அப்பாவின் அப்பாவுக்கும், இருந்தது. "சர்க்கரை காய்ச்சறவனுக்கே சர்க்கரையா" என்று ஊரில் கேலி. அப்பாவின் நோய்க்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகவே பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. கல்லூரி சீனியர் ஒருவர், "எல்லா ஜீனும் கண்டுபிடிச்சாச்சு, மிச்சத்தை கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்கிறார். வீட்டில், "இன்னும் ஆறு வருசம் படிச்சு என்ன பண்ணப் போற, பேங்க் பரீட்சை எழுது" என்கிறார்கள். இதற்கு நடுவில் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கும் பேச்சும் ஓடுகிறது. அவருக்கும் சர்க்கரை உண்டு. ஒல்லியான ஆள், 19 வயதில் வந்தது, ஏழு வருடமாக தினம் 14 யூனிட் இன்சுலின் போடுகிறார். போன பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்தப்போ (தீமிதி) நாலு நாள் ஊசி போடாமலே இருந்தார், ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்கு 24-ல் வந்தது, அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, 21-ல், மாமா வயிற்றில் இருந்தபோது. அம்மாவுக்கு 46 வயது, ஒன்றுமில்லை; டெஸ்ட் எடுத்ததும் இல்லை. உறவில் கட்டினால் குழந்தைகளுக்கு வருமா? நான் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அம்மிணி,

ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். ஆனால் கல்யாணப் பேச்சுக்கு நடுவில், போகிற போக்கில் நீ எழுதிவிட்டுப் போன வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மேசையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் உன் அம்மா வீட்டு வம்சத்தை வரைந்தேன். எங்கள் மரபியல் தொழிலில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கருப்படிக்க வேண்டும். அமுச்சி, கருப்பு வட்டம். மாமா, கருப்புக் கட்டம். மாமன் மகன், கருப்புக் கட்டம். மூன்று தலைமுறை, இடையில் ஒன்றும் விடுபடவில்லை, மூன்று பேருக்கும் 25 வயதுக்கு முன்பே.

கூடவே ஆள் ஒல்லி. ஏழு வருடம் கழித்தும் 14 யூனிட்தான். இன்சுலின் சுரப்பே அற்றுப்போகிற டைப் 1 என்றால் அவரைப் போன்ற ஒல்லி ஆளுக்கே இதைப் போல இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும். நாலு நாள் ஊசி இல்லாமல் இருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் நீயே எழுதியிருக்கிறாய், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மேலே போவதற்குள் ஒன்று. இதைப் படித்துவிட்டு அவர் ஊசியை நிறுத்தக் கூடாது. உண்மையிலேயே டைப் 1 ஆக இருந்தால், இன்சுலின் நின்ற கொஞ்ச நாளில் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. பண்ணாரியில் நடந்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆய்வகத்தில் டியூப் கழுவிய பிஎச்.டி. டாக்டர். கடிதத்தைப் பார்த்து நோய் சொல்வது என் வேலை இல்லை. டாக்டரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தர முடியும்.

இளவயதில், ஒல்லியான உடம்பில் வருகிற சர்க்கரைக்கு நம் பக்கம் மூன்று சந்தேகங்கள் வைத்துப் பார்க்கலாம். முதலாவது டைப் 1. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவது. இதற்கு ஜிஏடி ஆன்டிபாடி போன்ற ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. இரண்டாவது, கணையத்தில் கல் விழுந்து அதனால் வருகிற சர்க்கரை. அடிக்கடி மேல்வயிறு பிடுங்கும், ஸ்கேனில் கல் தெரியும். ஒரு காலத்தில் இதற்குப் பழியெல்லாம் குச்சிக்கிழங்கின் தலையில்தான் விழுந்தது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு போடுகிறவர்கள் கேட்டால் கோபப்படுவார்கள், கோபத்தில் நியாயமும் உண்டு. 2002-ல் இந்திய நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற ஜீனில் ஒரு மாற்றம் இருப்பது தெரிந்த பிறகு கிழங்கின் மீதான வழக்கு ரொம்பவே நீர்த்துப்போனது. மூன்றாவதுதான் உன் பத்திரிகைப் படத்தில் நான் பார்ப்பது. ஒரே ஒரு ஜீனில் ஏற்பட்ட பிசகு, தலைமுறை தலைமுறையாக நேரே இறங்கி வருவது. அதற்கு மோடி என்று பெயர். சிரிக்காதே, அரசியல் இல்லை, ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.

இவற்றைப் பிரிக்க உதவும் பரிசோதனைகளில் சி-பெப்டைடு என்பது உனக்குச் சட்டென்று புரியும். கணையம் இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை. நீளமான ஒரு புரதத்தைச் செய்து, நடுத்துண்டை வெட்டி எடுத்த பிறகுதான் இன்சுலின் வெளியே வருகிறது. வெட்டிய துண்டும் கூடவே ரத்தத்துக்கு வரும். அதுதான் சி-பெப்டைடு. ஆலைக்குப் பின்னால் கிடக்கும் சக்கைப் போரைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை வண்டிக் கரும்பு அரைத்தது என்று உன் அப்பா சொல்லிவிடுவார் அல்லவா? கடையில் வாங்கிய சர்க்கரைக்குச் சக்கை இருக்காது. அதே மாதிரி ஊசியில் போட்ட இன்சுலினுக்கு சி-பெப்டைடு கிடையாது. ஏழு வருடம் கழித்து மாமன் மகனின் ரத்தத்தில் அது கணிசமாக இருந்தால் அவருடைய ஆலை இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். ஆன்டிபாடியும் இல்லை, கல்லும் இல்லை, சி-பெப்டைடு இருக்கிறது என்றால் அடுத்து ஜீன் பரிசோதனை கேட்கலாம்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று மாமா வீட்டில் கேட்பார்கள். இதற்காகத்தான்: மோடியில் அடிக்கடி அகப்படுவது எச்என்எஃப்1ஏ என்ற ஜீன். அந்த வகை என்றால் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை, அதுவும் குறைந்த அளவே, பலருக்கு ஊசியைவிட நன்றாக வேலை செய்கிறது. இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு இதை 2003-ல் சோதனை வைத்தே காட்டியது. அதே குழுவினர் 2004-ல் இன்னொன்று கண்டார்கள்: பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த குழந்தைகள் பலரிடம் பொட்டாசியம் வாய்க்கால் ஒன்றின் ஜீனில் பிசகு. டைப் 1 என்று முத்திரை குத்தி, பிறந்ததிலிருந்து ஊசி குத்திக்கொண்டிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மாத்திரைக்கு மாறினார்கள். மரபியல் படித்து யாருக்கு என்ன லாபம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

"பிறவியிலேயே இருக்கிற பிசகு என்றால் ஏன் 19 வயது வரை காட்டவில்லை?" இந்தக் கேள்வி உனக்கு வந்திருக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும். ஆறு மாதம் போனால்தான் சாம்பல் வெள்ளை ஏறும். நம் பக்கத்தில் யாரும் செவலைக் கன்றைப் பார்த்து இனம் கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். எச்என்எஃப்1ஏ பிசகும் அப்படி. சின்ன வயதில் சர்க்கரை சரியாகவே இருக்கும், பெரும்பாலோருக்கு 35 வயதுக்குள் ஏறிவிடும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு இன்னும் தள்ளிப் போகும்.

இந்த "தள்ளிப் போகும்" என்பதால்தான் உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒன்றுமில்லை, டெஸ்ட் எடுத்ததும் இல்லை." டெஸ்டே எடுக்காமல் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? எம்.எஸ்ஸி. படித்த மகள் வீட்டில் இருந்தும்! அமுச்சிக்கு ஜீன் பிசகுதான் என்று வைத்துக்கொண்டால், அது மாமாவுக்கு இறங்கியதைப் போலவே உன் அம்மாவுக்கும் இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. 46 வயதில் சர்க்கரை சரியாக இருப்பது தெரிந்தால் அந்த வாய்ப்பு நன்றாகக் குறையும். தெரிந்தால்தான்.

கல்யாணக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. மாமன் மகனுக்கு மோடி என்றால் அவர் சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம். உன்னிடம் அந்தப் பிசகு இல்லாத வரைக்கும் உறவு என்பதால் அது ஒரு சதவீதம்கூட ஏறாது. உன்னிடமும் இருந்தால் கணக்கே வேறு. நாலில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பிசகு சேரும், அது லேசான விஷயம் இல்லை. அதனால் பரிசோதனை வரிசை: முதலில் அவர், அவருக்கு உறுதியானால் உன் அம்மா, அதன் பிறகு நீ. சர்க்கரை தவிர்த்த மற்றப் பிறவிக் குறைகள் வேறு சங்கதி. அவை எந்தத் தம்பதிக்கும் 100-க்கு 2, 3 என்று இருக்கும். மாமன் மகன் போன்ற முதல் சுற்று உறவில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை நீயும் அவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஆய்வகத்து ரிப்போர்ட்டை ஜாதகக் கட்டத்தோடு சேர்த்து மஞ்சள் தடவ வேண்டாம்.

இப்போது உன் அப்பாவிடம் வருகிறேன். நீ தேடப் போவதாகச் சொல்லும் "அப்பாவின் ஜீன்" என்று ஒன்று இல்லை.

ஐஸ்லாந்துக் குழு ஒன்று 2006-ல் டிசிஎஃப்7எல்2 என்ற ஜீனைப் பிடித்தது. உன் அப்பாவுக்கு வந்ததைப் போன்ற சாதாரண டைப் 2 சர்க்கரையில் இன்றுவரை அதுதான் பெரிய புள்ளி. அதன் கெட்ட வடிவம் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 1.4 மடங்கு. பெரிய புள்ளியே அவ்வளவுதான். 2024-ல் வந்த உலகளாவிய ஆய்வில் 25 லட்சம் பேரின் டிஎன்ஏவைச் சேர்த்துப் பார்த்து 600-க்கும் மேற்பட்ட இடங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தராசில் ஒரு குன்றிமணி. உன் அப்பாவிடம் அவற்றில் நூற்றுக்கணக்கானவை இருக்கும், கேலி செய்கிற பக்கத்துத் தோட்டக்காரரிடமும் இருக்கும். உன் அப்பாரிடமிருந்து வந்தது ஒரு கை, உழவு போய் டிராக்டர் வந்தது ஒரு கை, களியும் கம்பஞ்சோறும் போய் மூன்று வேளையும் அரிசி வந்தது ஒரு கை. நாட்டுச்சர்க்கரை கெடுதல் செய்யாது என்று நம்பி டீக்கு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பெருமை கவுந்தப்பாடிச் சர்க்கரைக்கு உண்டு, வாஸ்தவம். ரத்தத்துக்குள் போனால் அதற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

நம் உடம்பு வாகைப் பற்றி ஒரு கதை கோயமுத்தூர், சேலம் பக்கம் ரொம்பப் பிரபலம். தாது வருடப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், பசியைத் தாங்கச் சேர்த்து வைக்கிற ஜீன் நமக்குள் இருக்கிறது, இப்போது சோறு கிடைத்ததும் அதுவே எமனாகிறது என்று. ஜேம்ஸ் நீல் 1962-ல் சொன்ன சிக்கன ஜீன் கருத்தின் நம்மூர் வடிவம் இது. 1876-78 பஞ்சம் உண்மை, அதன் கொடுமையும் உண்மை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு பஞ்சம் ஜீனைச் சலித்துக் கொடுத்துவிட்டது என்பதற்குச் சான்று கிடையாது. கேட்க நன்றாக இருக்கிற கதை, அதனாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம். இதைவிடப் புனேவில் டாக்டர் யாஜ்னிக் செய்த வேலையைப் படி. அவரும் லண்டன் விஞ்ஞானி யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் 2004-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, ஒன்றே, 22.3. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனேயின் கிராமங்களில் சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறக்கும் குழந்தைகளிடமே இந்த ஒல்லியான கொழுப்பு தெரிகிறது என்று காட்டினார் அவர். உன் அப்பாவின் நோய்க்கு வேர் தேட வேண்டுமானால் ஜீனோடு சேர்த்து அவருடைய அம்மா மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டார் என்பதையும் தேட வேண்டியிருக்கும்.

எல்லா ஜீனும் கண்டுபிடித்தாயிற்று என்ற சீனியருக்கு: இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பெரும்பாலானவற்றில் தெரியாது. டிசிஎஃப்7எல்2 அகப்பட்டு இத்தனை வருடம் ஆகியும் அது பீட்டா செல்லுக்குள் எப்படிக் கெடுக்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அந்த 25 லட்சத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. இந்த எண்ணிக்கைக்கு நம் டிஎன்ஏவில் பார்த்தது கொசுறு. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். என்னத்தைப் பார்க்கும்? உன் மாமன் மகனின் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார். சர்க்கரை அளவும் மருந்தும் இருக்கும். எந்த வயதில் வந்தது, அமுச்சிக்கு எப்போது வந்தது, பண்ணாரியில் என்ன நடந்தது, ஒன்றும் இருக்காது. எழுதப்படாததைக் கம்ப்யூட்டர் படிக்காது.

என் பிழைப்பையும் கொஞ்சம் சொல்கிறேன், முடிவெடுக்க உதவும். 2000-ல் சிகாகோவில் கிரேம் பெல்லின் ஆய்வகம் கால்பெயின்-10 என்ற ஜீனை அறிவித்தது. டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களிடம் பார்த்தது. டைப் 2 சர்க்கரையின் ஜீன் கிடைத்துவிட்டது என்று உலகமே அதன் பின்னால் ஓடியது, நானும் ஓடினேன். நான்கு வருடம். கோபி, அந்தியூர், பெருந்துறை என்று காலை ஐந்து மணிக்கு வேனில் கிளம்பி, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவோம். குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றினால் டியூபுக்குள் டிஎன்ஏ வெள்ளையாகத் திரண்டு வரும், பஞ்சிலிருந்து நூல் பிரிவது மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. நான்கு வருட முடிவில் எங்கள் ஆட்களிடம் கால்பெயின்-10 ஒன்றுமே பேசவில்லை. பல நாடுகளிலும் இதே கதை, சில இடத்தில் உண்டு, பல இடத்தில் இல்லை. "இல்லை" என்று ஒரு சின்ன இதழில் போட்டோம். பத்து பேர் படித்திருந்தால் அதிகம்.

ஆனால் இதைக் கவனி. அதே பெல்லின் ஆய்வகம்தான் 1996-ல் எச்என்எஃப்1ஏ, எச்என்எஃப்4ஏ இரண்டையும் மோடிக்குக் காரணம் என்று காட்டியது. அவை இன்றும் பாறை மாதிரி நிற்கின்றன. இரண்டாவதற்குப் பின்னால் மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாக்டர் ஸ்டெஃபான் ஃபஜான்ஸ் இருக்கிறார். ஆர்.டபிள்யூ. என்று பெயரிட்ட ஒரே ஒரு குடும்பத்தை 1958-ல் இருந்து விடாமல் கவனித்தார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் என்று வருடக்கணக்காகச் சர்க்கரை பார்த்துக் குறித்துவைத்தார். எந்த ஜீன் காரணம் என்றே தெரியாத காலம். 38 வருடம் கழித்துக் கருவி வந்தது, குறிப்பு தயாராக இருந்தது. பெல்லின் திறமை கால்பெயினுக்கும் எச்என்எஃப்புக்கும் ஒன்றுதான். ஒன்றில் விளைவு குன்றிமணி, மற்றதில் குடும்பத்தையே புரட்டிப் போடும் பாறாங்கல், அதோடு ஃபஜான்ஸின் நோட்டு. அதனால் சொல்கிறேன்: பிஎச்.டி.க்குப் போ, அப்பாவின் ஜீனுக்காகப் போகாதே. இளவயதில் சர்க்கரை வந்த ஒல்லியான ஆட்கள், மூன்று தலைமுறை பிசகாமல் வருகிற குடும்பங்கள், இவர்களை எடுத்துக்கொள். சென்னையில் டாக்டர் மோகனின் குழு 2018-ல் தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட 150-க்கும் மேற்பட்டோரின் ஜீன்களை அலசியது. அவர்களில் பலருக்கு, தெரிந்த எந்த மோடி ஜீனிலும் பிசகு அகப்படவில்லை. அப்படி அகப்படாதவர்களிடம் உனக்கு வேலை இருக்கிறது.

மாமன் மகனை மட்டும் உன் தீசிஸில் சேர்க்காதே. அவர் நோயாளியாக டாக்டரிடம் போகட்டும். உன் குலதெய்வக் கோயில் பொங்கலில் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து அத்தைகளிடம் சர்க்கரைக் கணக்கு கேட்காதே. நான் கேட்டிருக்கிறேன். பொண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் சர்க்கரை என்று வாயைத் திறப்பார்களா? சிவகிரிப் பக்கம் ஒரு பாட்டி கையை நீட்டியபடியே கேட்டார், "இத வெச்சு எனக்கு என்னத்தச் சொல்லுவ கண்ணு?" நான் ஏதோ மழுப்பினேன். அவருடைய ரிசல்ட் எங்களிடம் வந்தது, அவருக்குப் போகவில்லை. அப்போதைய சம்மதப் படிவத்தில் ரிசல்ட் திருப்பித் தருகிற வரியே இல்லை, நானும் கேட்கவில்லை. உன் முதல் படிவத்திலேயே அந்த வரியை எழுதிவிடு.

மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட், டிபிடி தேர்வு இரண்டையும் எழுது. ஜேஆர்எஃப் என்கிற அந்த உதவித்தொகை கிடைத்தால் 2023-ல் இருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வீட்டில் இந்த எண்ணைச் சொல், ஆறு வருடப் படிப்பு என்பது சம்பளமில்லாத படிப்பு இல்லை என்று புரியும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பதையும் நீயாவது தெரிந்து வைத்துக்கொள். புள்ளியியல் வராமல் இந்தத் துறையில் ஒரு அடி வைக்க முடியாது. அதற்கான ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியை இந்தக் கோடையிலேயே ஆரம்பி. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் ஜீனோம் தகவல் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த கைகள் குறைவு. இடம் என்றால் ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்கிற உயிரியல் ஆய்வு மையம், சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள் என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே மனித மரபியல் துறை இருக்கிறது. கைடைத் தேடும்போது அவருடைய பேப்பர்களை எண்ணாதே. அவரிடம் படித்து வெளியே போன இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, எத்தனை வருடம் ஆயிற்று, ரத்த மாதிரி யார் சேர்த்தார்கள், பேப்பரில் யார் பெயர் முதலில் வந்தது என்று கேள்.

முடித்த பிறகு நிரந்தர வேலை கொட்டிக் கிடக்கவில்லை. மரபணுப் பரிசோதனை நிறுவனங்கள், மரபணு ஆலோசனை, பெங்களூரில் ஜீனோம் டேட்டா வேலை என்று ஆட்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். பேங்க் பரீட்சையை இளக்காரமாக நினைக்காதே. என் அண்ணன் பேங்க்கில் இருந்ததால்தான் என் ஃபெல்லோஷிப் வராத மாதங்களில் நான் ஹாஸ்டல் பில் கட்டினேன். அதையும் எழுதி வை, ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தக் கல்யாணப் பத்திரிகைப் படத்துக்கு வருகிறேன். நல்ல தாளில் நீயே ஒன்று வரை. பென்சிலால் வரை. ஒரு பொங்கல் விடுமுறையில் கரண்ட் போய் எங்கள் ஃப்ரீசர் மூன்று நாள் நின்றுவிட்டது. திறந்தபோது டியூப்கள் தண்ணீரில் மிதந்தன. பேனாவால் எழுதிய லேபிளெல்லாம் நீலமாகக் கரைந்து போயிருந்தது, ஒரு பையன் சோம்பேறித்தனத்தில் பென்சிலால் எழுதிய 40 டியூப் மட்டும் யாருடையவை என்று தெரிந்தது. உன் படத்தில் எல்லோருக்கும் நோய் வந்த வயதைப் பக்கத்தில் போடு. மாமன் மகனுக்கு எடையையும் குறி, நோய் வந்தபோது எத்தனை கிலோ, இப்போது எத்தனை. டாக்டரிடம் போகும்போது அவர் அதைக் கையில் கொண்டுபோகட்டும். உன் அம்மாவின் வட்டத்துக்குள் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வை. இந்த வாரத்துக்குள் வெறும் வயிற்றோடு ஈரோட்டில் ஒரு லேபுக்குக் கூட்டிப் போய் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை எடுத்து, என்ன வந்தது என்று எழுது.